முதல் கோப்பைக்கு முன்: குடிவெறி பற்றிய கத்தோலிக்க அறநெறி

அன்புக்குரிய பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

குடிப்பது பாவமா என்று கேட்டால் நம்மிடையே இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக இருக்கின்றன. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவரே தண்ணீரைத் திராட்சை இரசமாக்கினாரே, அதில் என்ன பாவம் என்பது ஒன்று. ஒரு துளி நாவில் பட்டாலும் பாவந்தான் என்பது மற்றொன்று. முதல் விடையைச் சொல்பவர் பெரும்பாலும் குடிப்பவர். இரண்டாம் விடையைச் சொல்பவர் பெரும்பாலும் அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர். ஆகவே இருவர் குரலிலும் இருக்கும் சூடு எனக்குப் புரிகிறது. ஆனால் திருச்சபை போதிப்பது இவ்விரண்டில் எதுவும் அன்று. மது தீயதன்று, தன் அறிவை மனமறிந்து துறப்பதே தீயது என்று அது கற்பிக்கிறது; அந்தக் குற்றத்தை மனிதன் தெளிவோடு இருக்கும்போதே செய்துவிடுகிறான் என்றும் அது கற்பிக்கிறது. இரண்டாவதாகச் சொன்னதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். இன்றைய உரையின் பெரும்பகுதி அதைப் பற்றியே அமையும்.

மதுவைப் படைப்பின் நன்மைகளுள் ஒன்றாகவே விவிலியம் காண்கிறது. மனிதரின் உள்ளத்தை மகிழ்விக்கும் திராட்சை இரசத்துக்காக 104ஆம் திருப்பாடல் இறைவனைப் போற்றுகிறது. தண்ணீர் மட்டுமே குடித்துக்கொண்டிருக்காமல், வயிற்றின் பொருட்டும் அடிக்கடி வரும் உடல்நலக் குறைவின் பொருட்டும் சிறிது திராட்சை மது அருந்துமாறு பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். இதற்கெல்லாம் மேலாக, திராட்சை இரசமின்றித் திருப்பலியே இல்லை. மதுவை இருளின் ஆற்றல்களுக்கு உரிய பொருளென்று வெறுத்த மணிக்கேயர் என்னும் பழைய சமயப் பிரிவினரின் கொள்கையைத் திருச்சபை மறுத்ததற்கும் இந்த நம்பிக்கையே அடிப்படை. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளரான புனித அக்குவினா தோமா ஒரு படி மேலே சென்று, உடலுக்குக் கடுமையான கேடு விளையும் அளவுக்குத் தெரிந்தே மதுவைத் தவிர்ப்பவரும் குற்றமற்றவர் அல்லர் என்று எழுதினார். அந்தக் காலத்தில் மது மருந்தாகவும் இருந்தது என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பாக இராது.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கின் 40ஆம் அதிகாரம் இந்த மனநிலையை அழகாகக் காட்டுகிறது. மது துறவியருக்கு ஏற்றதன்று என்று படித்திருக்கிறோம். ஆனால் நம் காலத்துத் துறவியரை அதற்கு இணங்கச் செய்ய முடியாது. ஆகையால் வயிறு முட்டக் குடிக்காமல் அளவோடு குடிக்கவாவது இசைவோம் என்று சொல்லி, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் எமினா (பழைய உரோமை முகத்தல் அளவு) போதுமென்று அவர் குறிக்கிறார். கோடையோ கடும் உழைப்போ இருந்தால் மடத்தின் தலைவர் அந்த அளவைக் கூட்டலாம். அதுகூடக் கிடைக்காத இடத்தில் வாழ்பவர்கள் இறைவனைப் போற்ற வேண்டும், முணுமுணுக்கக் கூடாது. மனிதர்களோடு பல்லாண்டு வாழ்ந்து பழகிய ஒருவரே இப்படிச் சட்டம் எழுத முடியும்.

ஆனால் குடிவெறி என்று வரும்போது இந்த இளக்கம் எங்கும் தென்படுவதில்லை. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்திலும், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்திலும் பவுல் குடிவெறியைப் பரத்தைமை, சிலைவழிபாடு, களவு ஆகியவற்றோடு வரிசைப்படுத்தி, இத்தகையோர் இறையாட்சியை உரிமையாக்கிக்கொள்வதில்லை என்கிறார். மிலான் நகரத் தோட்டமொன்றில் 386ஆம் ஆண்டு புனித அகுஸ்தினாரின் வாழ்வைத் திருப்பிய உரோமையர் திருமுகத்தின் வரியும் களியாட்டத்தையும் குடிவெறியையும் விலக்கச் சொல்லியே தொடங்குகிறது. இவ்வளவு கடுமை எதற்காக? தலைவலிக்காகவா, வீணாகும் பணத்துக்காகவா?

அக்குவினா தோமா தரும் விடை நுட்பமானது. அவர் மூன்று நிலைகளைப் பிரிக்கிறார். தான் குடிப்பது அளவு மீறியது என்றோ மயக்கம் தரக்கூடியது என்றோ அறியாமல் ஒருவர் குடித்து நிலையிழந்தால் அவரிடம் பாவமில்லை. முதன்முதல் திராட்சைத் தோட்டம் போட்ட நோவாவை உரையாளர் பலர் இவ்வகையில் சேர்ப்பர். அளவு மீறுகிறது என்று தெரிந்தும், இது தன்னை மயக்கிவிடும் என்று எண்ணாமல் குடித்தவரின் பாவம் அற்பப் பாவம், அதாவது இறையருளை முற்றும் இழக்கச் செய்யாத சிறு பாவம். அளவு மீறுகிறது, மயக்கமும் வரும் என்று நன்கு அறிந்து, குடியை விடுவதைவிட மயங்குவதே மேல் என்று தேர்ந்துகொண்டவரே முறையான பொருளில் குடிவெறியர். அவர் செய்வது சாவான பாவம், அதாவது இறையருளை இழக்கச் செய்யும் கனமான பாவம். எந்த அறிவைக்கொண்டு மனிதன் நன்மையைச் செய்து பாவத்தை விலக்குகிறானோ, அந்த அறிவின் பயன்பாட்டைத் தானே விரும்பித் தன்னிடமிருந்து பறித்துக்கொள்கிறான் என்பதே அவர் காட்டும் காரணம். பொருளைக் கொடுத்து மெய்யறியாமையை வாங்குவது என்று வள்ளுவர் இடித்துரைத்ததும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. ஆனால் வள்ளுவர் கள்ளையே விலக்கச் சொல்கிறார், திருச்சபை அந்த விற்பனைப் பேரத்தை மட்டும் விலக்கச் சொல்கிறது.

அறிவை இழப்பதே பாவமென்றால் அறுவைச் சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுப்பதும் பாவமா என்று கேட்கலாம். தூங்குகிறவனும் அறிவின் பயன்பாட்டை இழந்துதானே கிடக்கிறான்? உறக்கம் உடலின் இயல்பான தேவை. சிகிச்சையில் தரும் மயக்கம் உயிரையும் உடலையும் காப்பதற்கானது. 1957ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை 12ஆம் பயஸ், தகுந்த மருத்துவக் காரணம் இருக்கையில் வலியை நீக்கவும் உணர்வைக் குறைக்கவும் மருந்தைப் பயன்படுத்தலாம் என்று தெளிவுபடுத்தினார். இன்பத்துக்காக மட்டும், தேவையேதுமின்றி அறிவைக் கைவிடுவதே இங்கே கண்டிக்கப்படுவது. அக்குவினாவின் காலத்தில் ஒருவர், வாந்தி எடுப்பதற்காக மருத்துவர் சொன்னால் மயங்கும் அளவுக்குக் குடிக்கலாமா என்ற ஐயத்தை எழுப்பியதாக வைத்துக்கொண்டு அவர் விடையளிக்கிறார்: அதற்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும். இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பிறகும் குடிப்பதற்கு மருத்துவக் காரணம் தேடுவோர் இந்த ஒரு வரியைப் படிக்கலாம்.

பிற்கால அறநெறி இறையியலார் முழுக் குடிவெறியையும் அரைகுறை மயக்கத்தையும் வேறுபடுத்தினர். நன்மை தீமையைப் பகுத்தறிய முடியாமை, தான் சொன்னதும் செய்ததும் மறுநாள் நினைவில் இல்லாமை ஆகியவை முதல் வகையின் அடையாளங்கள். நாக்குக் குழறினாலும் நிதானம் முற்றும் போகாத நிலை தன்னளவில் அற்பப் பாவமே. ஆனால் அதனால் பிள்ளைகளின் உணவுக்கான பணம் போகிறதென்றால், பிறருக்கு இடறலாகிறதென்றால், அதன் கனம் கூடும்.

இப்போது முதன்மையான கருத்துக்கு வருகிறேன். ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது பாவ அறிக்கையில், ஒருவர், "சாமி, போதையில் மனைவியை அடித்துவிட்டேன், என்ன செய்கிறேன் என்றே அப்போது எனக்குத் தெரியாது" என்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அருள்தந்தை அவரிடம் கேட்க வேண்டியது வேறு: "குடித்தால் கை நீளும் என்பது குடிக்க உட்காரும் முன் உங்களுக்குத் தெரியுமா?" தெரியும் என்றால், அந்த அடி அவர் உட்காரும்போதே விருப்பத்துக்குள் வந்துவிட்டது. செயலை நேராக விரும்பாவிட்டாலும் அதன் காரணத்தை விரும்பியவன் அச்செயலுக்குப் பொறுப்பாளி என்பது கத்தோலிக்க அறநெறியின் பழைய விதி. போதையில் நடந்த குற்றத்தில் விருப்பத்தின் அளவு குறைவதால் அக்குற்றத்தின் கனம் ஓரளவு குறையலாம். ஆனால் முன்னைய குடி குற்றமாக இருந்தால் பின்னைய செயல் முழுவதும் குற்றமற்றதாகிவிடாது. தொடக்கநூலில் வரும் லோத்து குடிமயக்கத்தில் தன் புதல்வியரோடு பாவம் செய்ததைப் பற்றி அகுஸ்தினார் தரும் தீர்ப்பு இதற்குப் பொருந்தும்: அந்தத் தகாத உறவுக்கு உரிய அளவுக்கு அவரைப் பழிக்க முடியாது, குடிவெறிக்கு உரிய அளவுக்குப் பழிக்கலாம்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி என்னும் போதனைத் தொகுப்பு இப்பொருளைக் கொலை செய்யாதே என்னும் ஐந்தாம் கட்டளையின்கீழ், உடல்நலத்தைப் பேணும் பகுதியில் வைத்திருக்கிறது. அதன் 2290ஆம் எண், உணவு, மது, புகையிலை, மருந்து ஆகிய எதிலும் அளவு மீறுவதைத் தவிர்க்க மட்டுமிதம் என்னும் நற்பண்பு நம்மை ஆயத்தப்படுத்துகிறது என்கிறது. உடனே அடுத்த வாக்கியத்தில், குடிவெறியாலோ கட்டுக்கு மீறிய வேக விருப்பத்தாலோ சாலையிலும் கடலிலும் வானிலும் தம் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் கனமான குற்றத்துக்கு ஆளாகின்றனர் என்கிறது. ஆபத்துக்கு உள்ளாக்குவதே குற்றம் என்று அங்கே சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். குடித்துவிட்டு வண்டியோட்டி, யார்மீதும் மோதாமல் வீடு வந்து சேர்ந்தவர், ஒன்றும் நடக்கவில்லையே என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்ளலாம். அறநெறியின் கண்ணில் நடக்க வேண்டியது நடந்துவிட்டது. சாவியை வைத்துக்கொண்டே கோப்பையை எடுத்தபோது அது நடந்தது.

ஊற்றிக் கொடுப்பவரின் பொறுப்பும் இங்கேதான் தொடங்குகிறது. 1215இல் கூடிய ஆயர்களின் பேரவையான நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின் 15ஆம் விதி திருப்பணியாளரின் குடியைப் பற்றியது. ஒருவர் எவ்வளவு குடித்தாரோ அவ்வளவு மற்றவரும் குடிக்கக் கட்டாயப்படுத்தும் வழக்கத்தை அது அடியோடு ஒழிக்கச் சொல்கிறது. அத்தகையோர் கூட்டத்தில், அதிகம் பேரைக் குடியில் வீழ்த்துகிறவனும் கோப்பைகளை அதிகம் காலி செய்கிறவனுமே அதிகம் புகழப்படுகிறான் என்று சங்கத் தந்தையர் வருத்தத்தோடு எழுதி வைத்தார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த விருந்து மேசையை அடையாளம் காண நம்மில் யாருக்கும் சிரமமிராது. விருந்தாளியின் நிலை தெரியாமல் கொடுத்தவரை அறியாமை காக்கும். அவர் தாங்கமாட்டார் என்று தெரிந்தும் இன்னும் ஒரு கோப்பை என்று வற்புறுத்தியவரை எதுவும் காக்காது.

குடிவெறிவரை போகாத மீறல்களும் உண்டு. தலையான பாவங்களுள் ஒன்றான போசனப்பிரியம் அளவு மிகுதியாக உண்பதில் மட்டுமன்று, வேளைக்கு முன் உண்பதிலும், பேராவலோடு விழுங்குவதிலும், விலையுயர்ந்ததையே நாடுவதிலும், பக்குவம் குறித்து ஓயாமல் நச்சரிப்பதிலும் வெளிப்படுகிறது என்று பழைய ஆசிரியர்கள் வகுத்தார்கள். மீறல் எவ்வளவு சிறிதாகத் தொடங்கும் என்பதற்குப் தம் தாய் புனித மோனிக்காவின் இளமையை அகுஸ்தினார் சான்றாகத் தருகிறார். மிடாவிலிருந்து திராட்சை மது எடுத்துவரப் பெற்றோர் அனுப்பும் சிறுமி, குடத்தில் ஊற்றும் முன் உதட்டு நுனியால் துளி சுவைப்பாள். குடியின்மீது ஆசையாலன்று, சிறு பிள்ளையின் குறும்பால். துளிமேல் துளியாகச் சேர்ந்து, ஏறக்குறைய நிறைந்த சிறு கோப்பைகளையே ஆவலோடு குடிக்கும் நிலை வந்தது. ஒருநாள் உடன்சென்ற பணிப்பெண் சண்டையில் அவளைக் குடிகாரி என்று ஏசினாள். அந்தச் சொல் தைத்தது. அன்றோடு அவள் விட்டுவிட்டாள்.

எல்லாரும் ஒரு சொல்லால் விட்டுவிடுவதில்லை. குடிக்கு அடிமையானவரைப் பற்றிப் பேசும்போது இதுவரை சொன்னதில் ஒரு பகுதியை நாம் தளர்த்திச் சொல்ல வேண்டும். பாவம் சாவானதாக, பொருள் கனமானதாக இருப்பது மட்டும் போதாது. முழு அறிவும் முழு மனச்சம்மதமும் வேண்டும். பழக்கம், ஒழுங்கற்ற பற்று, உளவியல் காரணங்கள் ஆகியவை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கவும் கூடும் என்று மறைக்கல்வியின் 1735ஆம் எண் கூறுகிறது. முதல் கோப்பைக்கு முன்னிருக்கும் சுதந்திரம் அடிமைப்பட்டவரிடம் மிகவும் சுருங்கியிருக்கும். ஆனால் மிச்சமிருக்கும் சுதந்திரத்துக்கு ஒரு கடமை உண்டு: உதவி கேட்பது, சிகிச்சைக்குச் செல்வது, பாவத்துக்கு இட்டுச்செல்லும் சூழலை விலக்குவது. அவரைப் பொறுத்தவரை மிதம் என்பது முற்றிலும் விலகுவதே. 1856இல் டப்ளினில் பிறந்த மாட் டால்பட் என்ற கூலித் தொழிலாளி சிறுவயதிலேயே குடியில் விழுந்து, 28ஆம் வயதில் குடிப்பதில்லை என்று வாக்குறுதி எடுத்தபோது, முதலில் மூன்று மாதங்களுக்கே எடுத்தார்; பின்னர் அதை நீட்டித்துக்கொண்டே போய் 1925இல் இறக்கும்வரை காத்தார். மதுக்கடைக்குள் நுழைய வழியில்லாதபடி கையில் காசில்லாமலே நடப்பார் என்று அவர் வரலாறு சொல்கிறது. 1975இல் திருச்சபை அவரை, புனிதர் நிலைக்கு முந்தைய ஒரு படியான, வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது.

இத்தகையவரை நாம் எப்படி நடத்துவது? ஆப்பிரிக்கத் திருச்சபையில் மறைசாட்சியரின் கல்லறைகளில் நடந்த குடிவிருந்துகளை ஒழிக்கும் வழியைப் பற்றி ஆயர் அவுரேலியுவுக்கு எழுதிய மடலில் அகுஸ்தினார், இத்தகையவை கசப்பாலும் கடுமையாலும் நீங்குவதில்லை என்றார். ஆணையிடுவதைவிடக் கற்பிப்பதும், அச்சுறுத்துவதைவிட அறிவுரை கூறுவதுமே வேண்டும் என்றார். திருச்சபை தன் பலிபீடத்திலும் இதற்கு இடம் வைத்திருக்கிறது. குடிநோயால் திராட்சை மது அருந்தக் கூடாத அருள்பணியாளர், ஆயரின் இசைவோடு, புளிப்பேறாமல் நிறுத்தப்பட்ட தூய திராட்சைச் சாறான முஸ்தும் கொண்டு திருப்பலி நிறைவேற்றலாம் என்று நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் 2003இல் விளக்கியது. ஆகவே, குடியை விட்டுப் போராடுகிற ஒருவர் விருந்தில் அமர்ந்திருக்கும்போது, ஒரு வாய்தானே என்று கோப்பையை நீட்டுகிறவருக்கு உறவோ மரியாதையோ ஒரு சாக்கு ஆகாது. சகோதரருக்குத் தடையாக இருக்குமானால் இறைச்சி உண்ணாமலும் திராட்சை மது குடியாமலும் இருப்பதே நல்லது என்று உரோமையருக்குப் பவுல் எழுதியது, மதுவைப் பாவமென்று எண்ணாதவர்களுக்கு எழுதியதே.