டியூப்லைட்டை அணைத்ததும் தெரிந்த தங்கம் | கும்பகோணம் கோடைக் கண்காட்சி

வணக்கம் மக்களே! கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன். நம்ம டெல்டா ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து கோடைக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள். சாமி படம், ராஜா ராணி படம் கிடையாது, எல்லாம் இந்தக் காலத்து வேலை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனாலும் மண்டபத்தை விட்டு வர எனக்கு மனசே இல்லை.

முதலில் அந்த டியூப்லைட் விஷயம். படத்துக்குக் கண்ணாடி போடுவது எனக்குப் பிடிக்காது என்பது பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே கண்ணாடியும் போட்டு, அதற்கு நேர் எதிரே டியூப்லைட்டும் எரிகிறது. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் படத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு. தள்ளி நின்றால் கோடு, குனிந்தால் கோடு. ஓவியர் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை மக்களே, கோபம் வருமா வராதா?

அங்கே நின்ற தம்பியிடம், "இந்த வரிசையை மட்டும் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறக்கலாமா?" என்று கேட்டேன். "வெயில் அடிக்குமேக்கா" என்றார். நான் விடவில்லை. ஜன்னல் கொண்டி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. ஒரு கட்டையை எடுத்துத் தட்டு தட்டென்று தட்டித் திறந்தார். திறந்ததும் கோடு போயே போச்சு! பக்கத்தில் நின்றவர்களெல்லாம் அந்தப் படத்துக்கு முன்னால் கூடிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

படம் என்னவென்றால், வாய்க்கால் முடிகிற இடத்துக் கடைமடை வயல். வெடித்த மண், காய்ந்த வரப்பு, ஓரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை. எல்லாம் சாம்பல் நிறம். வாய்க்காலில் மட்டும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. தஞ்சாவூர் ஓவியத்தில் கிருஷ்ணருக்கும் மண்டபத் தூணுக்கும் ஒட்டுகிற அதே ரேக்கு, அடியில் பசை மாவை அப்பிப் புடைப்பாக எழுப்புகிற அதே மக்கு வேலை. கிட்டப் போய்ப் பார்த்தால் தண்ணீரின் ஒவ்வொரு சுழிப்பும் மக்கில் புடைத்து நிற்கிறது. வயலுக்கு வருவதற்கு முன்பே அந்தத் தங்கம் மெலிந்து நின்றுவிடுகிறது. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறப்பார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். அந்தக் காலத்தில் இருட்டுப் பூசை அறையில், விளக்கு வெளிச்சத்தில் மின்னிய ரேக்கு இது. அதைக் கொண்டுபோய் டியூப்லைட்டில் வைக்கலாமா?

விலை 45,000 ரூபாய். அநியாயம் என்று கமெண்ட் போடாதீர்கள். பலகை, ரேக்கு, உழைப்பு மூன்றையும் கூட்டிப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், நுழைந்ததுமே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. நடவு நடும் பெண், முழங்கால் உயரம் இருக்கும். வெண்கலச் சிலை வார்க்கிற நம்ம சுவாமிமலை பற்றிய வீடியோ நினைவிருக்கிறதா? குங்கிலியம் கலந்த மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். ஊற்றிய வழியெல்லாம் கம்பி கம்பியாக நிற்கும், அதை வெட்டி ராவித்தான் சிலையை வெளியே தருவார்கள். இந்தச் சிலையைச் செய்த சிற்பி வெட்டவே இல்லை! குனிந்த முதுகிலிருந்து நாற்றுக் கட்டு போல அந்தக் கம்பிகள் எழுந்து நிற்கின்றன. மடிப்புகளில் வண்டல் மண்கூட அப்படியே ஒட்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் கண்காட்சியிலேயே சிறந்தது இதுதான்.

மற்றபடி, கோயில் கோபுரத்தை நீலத்தில் தீட்டிய வரிசை எனக்கு ஒட்டவில்லை. புகைப்படங்கள் சுமார்.

1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னைப் பக்கம் இருக்கிறது. ஓவியர்கள் சேர்ந்து வேலை செய்ய, வருஷம் முழுக்கக் காட்சிக்கு வைக்க, அப்படி ஓர் இடம் டெல்டாவுக்கும் வேண்டும். கல்யாண மண்டபம் காலியாக இருக்கிற நாளில்தான் படம் மாட்ட வேண்டும் என்றால் எப்படி?

ஆங், வாங்கியதைக் காட்டவில்லையே. இதோ, மரச்செதுக்கு அச்சுப் படம், 500 ரூபாய். புளியமரத்தடியில் கட்டிய மாடு. பேரம் பேசவில்லை, நீங்களும் பேசாதீர்கள்.

ஞாயிறு வரை நடக்கிறது, நுழைவு இலவசம். அந்தச் சிற்பி அடுத்த சிலையை வார்க்கும்போது பட்டறைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அடுத்த வீடியோ அங்கிருந்துதான்.