பெர்லினில் ஒருவருக்குக் குணமானது, நாம் குளிசையை நிறுத்தலாமா?

போகவந்தலாவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "புற்றுநோய்க்குச் செய்த வைத்தியத்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி.யும் போய்விட்டதாமே? அதையே எல்லாருக்கும் செய்தால் என்ன? எங்கள் மாமா இதைக் கேள்விப்பட்டு எச்.ஐ.வி. குளிசையை நிறுத்தப் பார்க்கிறார்."

தம்பி, நிறுத்த வேண்டாம் என்று இன்றைக்கே மாமாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அவர் பெயர் டிமோத்தி ரே பிரவுன். எச்.ஐ.வி.யோடு இரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007இலும் 2008இலும் பெர்லினில் அவருக்கு வேறொருவரின் குருத்துக் கலங்களை, அதாவது புது இரத்தத்தை உண்டாக்குகிற கலங்களை, ஏற்றினார்கள். எச்.ஐ.வி. நுழைகிற கதவு ஒன்று நம் கலங்களில் இருக்கிறது, சி.சி.ஆர்.5 என்பார்கள். கொடுத்தவருக்குப் பிறவியிலேயே அந்தக் கதவு இல்லை. வட ஐரோப்பியரிலேயே நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் அப்படிப்பட்டவர்கள். பிரவுனுக்கு எச்.ஐ.வி. திரும்பவேயில்லை. ஆனால் இரண்டாவது தடவை சாவின் விளிம்புவரை போய், நடக்கவே மறுபடி பழக வேண்டியிருந்தது. 2020இல் அதே புற்றுநோய் திரும்பி வந்து இறந்துபோனார். புற்றுநோய் இருந்ததால்தான் அந்த ஆபத்தில் இறங்கினார்கள். குளிசையில் நன்றாக இருக்கிற மனுசருக்கு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

சரி, குளிசை ஏன் முழுசாகக் குணமாக்குவதில்லை? கவ்வாத்து வெட்டின தேயிலை மலையைப் பாருங்கள். இலை ஒன்றுகூட இருக்காது, வெறும் வாதுதான். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை. எச்.ஐ.வி.யும் இப்படித்தான். நோயை எதிர்க்கிற சிடி4 என்ற வெள்ளைக் கலங்களில் தூங்குகிறவற்றுக்குள் நம் மரபணுவோடு கோத்துக்கொண்டு கிடக்கும். குளிசை பெருகுகிற வைரஸைத்தான் தடுக்கும். நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே துளிர்த்துவிடும்.

புற்றுநோய் டாக்டர்களுக்கு இது பழகின சங்கதி. இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்கு ஒரு மாதத்தில் இரத்தம் சுத்தமாகத் தெரியும். அப்படியும் இரண்டு மூன்று வருசம் மருந்தை விடமாட்டார்கள், ஒளிந்திருக்கிற கலத்துக்குப் பயந்துதான். வொரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்து, தூங்குகிற வைரஸை எழுப்பியும் பார்த்தார்கள். எழும்பியது, ஆனால் ஒளிந்திருந்தது குறையவில்லை. தேடல் இன்னும் நடக்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது.

அதுவரைக்கும் மாமா ஒழுங்காகக் குளிசை போட்டு, இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவில் வைத்திருந்தால், உடலுறவு மூலம் அத்தைக்குத் தொற்றாது. நுவரெலியா அரசாங்க கிளினிக்கில் வைத்தியம் இலவசம். லயத்தில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அவர் தயங்கினால், அடுத்த கிளினிக் நாளுக்கு நீங்களே கூட பஸ் ஏறிப் போங்கள், தம்பி.