வாசலில் உட்கார்ந்தவர்கள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"போரையும் அதிகாரத்தையும் நமக்குச் சரியாக விளக்குவது எது? படைபலத்தைப் பேசும் கோட்பாடா, இனத்தையும் பாலினத்தையும் பேசும் கோட்பாடுகளா?" இதுதான் தலைப்பு. நான் இரண்டாவது அணி. பன்னாட்டு உறவுக் கோட்பாடுகளின் வரலாற்றை எங்கள் அணித் தலைவர் முறையாகச் சொல்லி முடித்துவிட்டார். எனக்கு எதிரணி அண்ணனோடுதான் வழக்கு இருக்கிறது.

அண்ணன் என்ன சொன்னார்? "பெண்கள் வாசலில் உட்கார்ந்து கோலம் போடலாம், சமாதான ஒப்பந்தம் போட முடியாது" என்றார். அரங்கம் அதிர்ந்தது. பின்வரிசையில் பெண்களும் கைதட்டியதைப் பார்த்தேன். அண்ணே, அந்த ஒரு வரிக்காகவே என் நேரம் முழுவதையும் செலவழிக்கப் போகிறேன்.

அதற்கு முன் அண்ணன் எடுத்துக்காட்டிய மெலோஸ் தீவை முடித்துவிடுகிறேன். "வலியவர் தம்மால் முடிந்ததைச் செய்வார், எளியவர் பட வேண்டியதைப் படுவார்." கி.மு. 416இல் ஏதென்ஸின் தூதர்கள் மெலோஸ் தீவினரிடம் இப்படிச் சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ் எழுதினார். படைபலத்தைப் பேசும் யதார்த்தவாதிகளுக்கு இது வேதவாக்கு. அண்ணனும் கம்பீரமாகச் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்திக்கொண்டார். அதற்குப் பின் நடந்ததையும் அதே தூசிடிடிஸ்தான் எழுதியிருக்கிறார். தீவு சரணடைந்ததும், பிடிபட்ட வயதுவந்த ஆண்களைக் கொன்றார்கள். பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அவ்வளவுதான், ஒரே வாக்கியம். அந்தப் பெண்கள் எந்தச் சந்தையில் நின்றார்கள், யார் வீட்டுக்குப் போனார்கள், எத்தனை வருடம் உயிரோடு இருந்தார்கள்? வலிமையைப் பற்றிய வாக்கியத்தை இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைக் கேட்டதில்லை. சிந்தியா என்லோ என்ற அமெரிக்க அறிஞர்தான் உலக அரசியலைப் பார்த்துக் கேட்டார்: "பெண்கள் எங்கே?" எங்கள் அணியின் மொத்த வாதமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இன்னொன்றையும் அண்ணன் விட்டுவிட்டார். வலியவரான ஏதென்ஸ் பன்னிரண்டே ஆண்டுகளில் தோற்றுச் சரணடைந்தது.

இப்போது வாசலுக்கு வருகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா. 1989இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் நடுவில் சற்று ஓய்ந்து, மறுபடி மூண்டு, 2003 வரை இழுத்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் இறந்ததாகச் சொல்கிறார்கள். ஒருபுறம் அதிபர் சார்லஸ் டெய்லர், மறுபுறம் கிளர்ச்சிக் குழுக்கள். இரு தரப்புமே சிறுவர்களின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தன.

அங்கே லேமா போவீ என்றொரு பெண். போர் ஊருக்குள் வந்தபோது அவருக்குப் பதினேழு, பதினெட்டு வயது. பிள்ளைகளோடு கானாவில் அகதியாகவும் இருந்தவர். ஊர் திரும்பிய பிறகு, டெய்லரின் படையில் சண்டையிட்ட முன்னாள் சிறார் போராளிகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் வேலை பார்த்தார். இவரும் இவருடைய தோழிகளும் தேவாலயத்துக்குப் போனார்கள், மசூதிக்குப் போனார்கள், சந்தைக்குப் போனார்கள். கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுத்திக்கொண்டு, தலைநகர் மன்ரோவியாவில் மீன் சந்தைக்குப் பக்கத்தில், அதிபரின் வாகனங்கள் போகும் சாலையோரம் உட்கார்ந்தார்கள். வெயிலிலும் உட்கார்ந்தார்கள், மழையிலும் உட்கார்ந்தார்கள்.

2003 ஜூன் மாதம் கானாவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. வாரக்கணக்கில் இழுத்தது. ஊரில் குண்டுக்குப் பயந்து ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது, குண்டு போடச் சொன்ன தளபதிகள் கானாவின் தலைநகர் அக்ராவில் ஹோட்டல் அறையில் தங்கி, யாருக்கு எந்த அமைச்சகம் என்று பேரம் பேசினார்கள். ஜூலையில் மன்ரோவியாவில் அகதிகள் ஒண்டியிருந்த இடத்திலேயே எறிகணைகள் விழுந்தன. செய்தி அக்ராவுக்கு வந்தது. லேமா போவீ எழுந்தார். பெண்களைத் திரட்டிக்கொண்டு போய், மாநாட்டு மண்டபத்தின் வாசலில் உட்கார்ந்தார்.

ஆமாம் அண்ணே, வாசலில்தான்.

கையோடு கை கோத்துக்கொண்டு வழியை மறித்தார்கள். ஒப்பந்தம் வரும்வரை உள்ளே இருப்பவர்கள் யாரும் வெளியே போக முடியாது என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். சமரசம் செய்துவைக்க வந்திருந்தவர் ஜெனரல் அப்துல்சலாமி அபுபக்கர், நைஜீரியாவை ஆண்ட ராணுவத் தலைவர். சீட்டைப் படித்துவிட்டு அவர் உள்ளே இருந்த தளபதிகளிடம் அறிவித்தார்: இந்த மண்டபத்தை ஜெனரல் லேமாவும் அவர் படையும் கைப்பற்றிவிட்டார்கள்!

காவலர்கள் வந்தார்கள். "யார் தலைவர்?" "நான்தான்." "நீதியைத் தடுத்த குற்றத்துக்காக உன்னைக் கைது செய்கிறோம்." நீதி என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தப் பெண்ணுக்குள் என்னவோ உடைந்தது. "உங்களுக்குச் சிரமமே வேண்டாம், நானே என் உடையைக் களைந்துவிடுகிறேன்" என்று சொல்லித் தலைத்துணியில் கை வைத்தார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு தாய் தன் கையால் தன் உடையைக் களைந்தால், அதைக் காணும் ஆணுக்கு அது சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். பெண்களைத் தாண்டிக்கொண்டு வெளியேறப் பார்த்தார் ஒரு தளபதி. ஜெனரல் அபுபக்கர் அவரைத் தடுத்து, "நீ உண்மையான ஆண்மகனாக இருந்தால் சொந்த மக்களைக் கொன்றுகொண்டிருக்க மாட்டாய், உள்ளே போ" என்று கடிந்து அனுப்பினார்.

அவையோரே, இந்தக் காட்சியை இன்னொரு முறை கண்முன் கொண்டுவாருங்கள். கதவுக்கு உள்ளே யார்? துப்பாக்கி வைத்திருந்தவர்கள், ஊர்களைப் பிடித்து வைத்திருந்தவர்கள், பின்னால் படையை நிறுத்திவிட்டு வந்தவர்கள். கதவுக்கு வெளியே யார்? வெள்ளை உடுத்திய தாய்மார்கள். பக்கத்து அகதி முகாமிலிருந்து வந்த பெண்களும் அவர்களில் இருந்தார்கள். இவர்களிடம் ஒரு கத்திகூட இல்லை. அண்ணனின் கோட்பாட்டின்படி பலத்தை எண்ணுங்கள். உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே பூஜ்யம். அப்படியானால் காவலர்கள் எதைக் கண்டு பின்வாங்கினார்கள்? தளபதி எதற்காக உள்ளே திரும்பிப் போனார்? ஆயுதத்தை மட்டும் எண்ணத் தெரிந்தவரிடம் இதற்குப் பதில் கிடையாது. ஒரு சமூகம் எதை மதிக்கிறது, எதற்கு அஞ்சுகிறது, யாரைத் தாய் என்று ஏற்கிறது என்பதிலும் அதிகாரம் பிறக்கிறது என்று சொல்கிற கோட்பாட்டாளர்களிடம் பதில் இருக்கிறது.

2003 ஆகஸ்ட் 11 அன்று டெய்லர் பதவி விலகினார். ஆகஸ்ட் 18 அன்று அதே அக்ராவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வாசலில் உட்கார்ந்தவர்கள் ஒப்பந்தம் போட வைத்தார்கள் அண்ணே!

அண்ணன் தலையசைக்கிறார். கிளர்ச்சிப் படை மன்ரோவியாவை முற்றுகையிட்டது, டெய்லர் மீது பக்கத்து நாடான சியரா லியோனின் போர்க்குற்றச் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டியிருந்தது, அமெரிக்கக் கப்பல்கள் கரைக்கு அப்பால் நின்றன என்று சொல்லப் போகிறார். எல்லாம் உண்மை, மறுக்கவில்லை. அந்த நெருக்கடி எல்லாம் இருந்தும் பேச்சு ஏன் இழுத்துக்கொண்டே போனது என்பதற்கு மட்டும் அவர் பதில் சொல்லட்டும்.

இனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், மணி அடிக்கப் போகிறது. பன்னாட்டு உறவுத் துறையில் அமெரிக்காவில் வெளிவந்த முதல் ஆய்விதழ் 1910இல் தொடங்கியது. அதன் பெயர் 'இன வளர்ச்சி இதழ்'. 1919இல்தான் 'பன்னாட்டு உறவு இதழ்' என்று பெயரை மாற்றினார்கள். அதே 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில், ஐ.நா.வுக்கு முன்னோடியான உலக நாடுகள் சங்கத்தின் சாசனத்தில் இன சமத்துவத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. வாக்களிக்க இருந்த 17 பேரில் 11 பேர் ஆதரித்தார்கள். தலைமை தாங்கிய அமெரிக்க அதிபர் வில்சன், ஒருமனதாக இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார். இனத்தைப் பேசாமல் உலக அரசியலைப் பேசலாம் என்பவர்கள் இதை எந்த அலமாரியில் வைப்பார்கள்?

லைபீரியாவும் இன அரசியலில் பிறந்த நாடுதான். அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களை 1822 முதல் அங்கே கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அவர்களின் வாரிசுகள் உள்ளூர் மக்களை 1980 வரை ஆண்டார்கள். 1922இல் மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைப் பிரிட்டன் கட்டுப்படுத்தியபோது, அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் வேறு இடம் தேடி லைபீரியாவுக்குப் போனது. 1926இல் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்கள் யார்? நம் பாட்டன்மார், பாட்டிமார். அவர்கள் வெட்டிய பாலின் விலைக்காக லண்டனில் போட்ட ஒரு கட்டுப்பாடு, லைபீரியாவில் இன்னொரு கறுப்புத் தொழிலாளியைத் தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இது அதிகாரம் இல்லையா? எந்தப் பீரங்கி வெடித்தது இதற்கு?

மணி அடித்துவிட்டது நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள்.

ஒப்பந்தம் வந்ததும் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆயுதங்களை ஒப்படைக்கும்போது கூடவே நின்றார்கள். தேர்தலுக்குப் பெண் வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். 2006 ஜனவரியில் எலன் ஜான்சன் சர்லீஃப் பதவியேற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று நாட்டுத் தலைவரான முதல் பெண் அவர். மறு வருடம் அங்கே போய் இறங்கிய ஐ.நா. அமைதிப்படையின் முதல் முழுப் பெண் காவல் அணி எந்த நாட்டுடையது தெரியுமா? இந்தியாவுடையது. மத்திய ரிசர்வ் காவல் படையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட நம் பெண்கள். 2016 வரை, அணி மாற்றி அணியாக, பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, யார் பெற்ற பிள்ளைகளுக்கோ காவல் நின்றார்கள்.

2003 ஏப்ரலில் லேமா போவீ டெய்லரின் முன்னால் நின்று பேசினார். எங்களுக்குப் போர் அலுத்துவிட்டது, ஓடி ஓடி அலுத்துவிட்டது, நிவாரணக் கோதுமைக்குக் கையேந்தி அலுத்துவிட்டது, எங்கள் பெண்பிள்ளைகள் சீரழிக்கப்படுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது என்றார். ஏன் இங்கே வந்து நிற்கிறோம் என்பதற்கு அவர் சொன்ன காரணம், நாளைக்குப் பிள்ளைகள் கேட்பார்கள்: "அம்மா, அந்தக் காலத்தில் நீ என்ன செய்தாய்?"

நடுவர் அவர்களே, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளும் நாளைக்கு என்னைக் கேட்பாள். "அந்தத் தாய்மார்களின் பக்கம் நின்று பேசினேன்" என்று நான் அவளிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த அணியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வணக்கம்.