டண்டணக்கா என்று சிரித்தவர்களும் ஆடினார்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். "இன்றைய இந்தோனேசிய மக்களின் மனத்தைச் சொல்வது திரைப்படமா, டங்டுட் பாட்டா?" இதுதான் தலைப்பு. டங்டுட் என்றால் அந்த நாட்டில் சாதாரண சனங்கள் கேட்டு ஆடும் மெல்லிசைப் பாட்டு. நான் பாட்டின் கட்சி.

எதிரணித் தலைவர் கணக்கோடு வந்தார். 2022இல் ஒரே ஒரு பேய்ப்படத்தைத் தியேட்டரில் 1 கோடி பேர் பார்த்தார்கள் என்றார். சரி, மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்டின் மக்கள்தொகை 27 கோடிக்கு மேல். மிச்சப் பேர் எங்கே போனார்கள்? எத்தனையோ பேர் தியேட்டரே இல்லாத ஊரில், ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் இருந்திருப்பார்கள். அங்கே வாசலில் பந்தல், பக்கத்தில் ஒரு மேடை. காசு இருந்தால் முழு இசைக்குழு, இல்லாவிட்டால் ஒற்றைக் கீபோர்டு. அதற்கு 'ஓர்கன் துங்கல்' என்று பெயர். பாடும் பெண்ணுக்கு ஆடிக்கொண்டே நோட்டை ஒவ்வொன்றாக நீட்டுவார்கள். அது 'சாவெரான்'. இந்தக் கூட்டத்துக்கு யார் டிக்கெட் கிழித்துக் கணக்கு வைப்பது?

அப்புறம், 2011இல் வந்து உலகத்தையே மிரட்டிய சண்டைப்படம் என்றார்கள். சண்டை அந்த நாட்டுத் தற்காப்புக் கலையான 'பென்சாக் சிலாட்', சந்தேகமே இல்லை. இயக்குநர் வேல்ஸ்காரர்! அதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

"உங்கள் டங்டுட் மட்டும் சொந்தமா? இந்திப்படப் பாட்டின் நகல்தானே?" என்று அடுத்த குண்டு. இந்திப் பாட்டின் வாடை உண்டு, ஒளிக்கவில்லை. 1950களில் எல்லியா காதாம் பாடிய பாட்டுக்கே 'இந்தியாவிலிருந்து வந்த பொம்மை' என்றுதான் பெயர். ஆனால் டங்டுட்டில் 'ஓர்கெஸ்' என்கிற மலாய் இசைக்குழுவின் பாணி இருக்கிறது, மூங்கில் குழல் இருக்கிறது. பிறகு பாடகர் ரோமா இராமா வந்து, டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் பாணியில் எலெக்ட்ரிக் கிடாரையும் சேர்த்தார். நகல் எடுக்கிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

பெயரைப் பாருங்கள். 'டங்' என்பதும் 'டுட்' என்பதும் அந்தப் பாட்டுக்கு அடிக்கும் மத்தளம் எழுப்பும் சத்தம். படித்த, வசதியான கூட்டம் நக்கலாக வைத்த பெயர். நம் ஊரில் 'டண்டணக்கா' என்று உதட்டைச் சுழிப்பார்களே, அதே சுழிப்பு. பாடியவர்கள் அந்த வசவையே எடுத்துப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டார்கள்.

ரோமா 1977 தேர்தலில் அரசுக்கு எதிரணியில் நின்ற பிபிபி கட்சிக்காக மேடையேறினார். அரசுத் தொலைக்காட்சியான டிவிஆர்ஐ சுமார் 11 ஆண்டுகள் அவருக்குக் கதவைச் சாத்தியது. அன்று நாட்டில் வேறு சேனலே கிடையாது! ஆனாலும் கேசட்டில் ஓடினார். எதிரணியினர் கவனிக்க வேண்டும், படங்களிலும் ஓடினார். அந்தப் படங்களுக்குக் கூட்டம் வந்தது கதைக்காகவா, பாட்டுக்காகவா?

எங்கள் பக்கமும் ஒரு கறை உண்டு. 2003இல் பாசுருவான் என்ற ஊரிலிருந்து வந்த பாடகி இனுல் தராதிஸ்தா, இடுப்பைத் துளைப்பான்போல் சுழற்றி ஆடியது விசிடியில் நாடு முழுக்கப் பரவியபோது, அவரைக் கடுமையாக எதிர்த்தவர் இதே ரோமா. தன் பாட்டைப் பாடக் கூடாது என்றார். ஒரு காலத்தில் கதவடைக்கப்பட்டவரே கதவடைக்கக் கிளம்பியது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், ஓர் ஆட்டத்தை வைத்து மதத்தலைவர்கள், பெண்கள் அமைப்புகள், பத்திரிகைகள் என்று ஒரு நாடே சண்டை போட்டது. எந்தப் பேய்ப்படத்துக்கு அப்படி நடந்தது?

கடைசியாக ஒரு காட்சி. 2022 ஆகஸ்ட் 17, ஜகார்த்தா, மெர்டேகா அரண்மனை, சுதந்திர தின விழா. பன்யுவாங்கியிலிருந்து வந்த 12 வயதுப் பையன், அதிபர் ஜோகோ விடோடோ முன்னால், ஜாவா மொழியில், 'என்னை யாரோடும் ஒப்பிடாதே' என்று, டங்டுட்டின் வேகமான வகையான 'கொப்லோ' பாடுகிறான். பாரம்பரிய உடையில் விறைப்பாக இருந்த அமைச்சர்கள் எழுந்து ஆடுகிறார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், இறங்குகிறேன். உங்களுக்கும் சாவெரானாக ஒரு நோட்டை நீட்டியிருப்பேன் நடுவர் அவர்களே. தீர்ப்புக்கு முன்னால் கொடுத்தால் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.