லேப்டாப்பை மூடிவிட்டேன், இப்போது பேட்டரிதான் பிரச்சினை

வணக்கம் மக்களே. சுங்கை சிப்புட்டில் நல்ல மழை. தகரக் கூரைச் சத்தம் மைக்கில் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள். தே ஓ வழக்கம்போல் கையில் இருக்கிறது. ஆனால் மேசையில் ஒன்று இல்லை, கவனித்தீர்களா? லேப்டாப். அதன் விசிறிச் சத்தத்தைப் பற்றி நான் புலம்பிய காணொளிகளைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு இது நல்ல செய்தி. இதோ, ரோலண்ட் எஸ்பி-404 எம்கே டூ, சாம்பிளர். அதாவது வெளிச் சத்தத்தைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து (அந்தத் துண்டுதான் சாம்பிள்), பேடு என்கிற கட்டைகளை விரலால் தட்டி வாசிக்கிற பெட்டி. வாங்கியாயிற்று!

புதுசு இல்லை. பழைய சாமான் விற்கிற கரோசல் செயலியில் பார்த்தேன், விற்றவர் ஈப்போக்காரர். 1,800 வெள்ளி கேட்டார். "அண்ணே, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். 1,750 என்றார். நான் பதில் போடவில்லை. ராத்திரி அவராகவே 1,700 என்று அனுப்பினார். படித்தேன், அப்போதும் பதில் போடவில்லை. எனக்குள்ளே உதறல்தான், வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? மறுநாள் பசியாறிக்கொண்டிருக்கும்போது வந்தது: "சரி தங்கச்சி, 1,550. இன்றைக்கே வந்தால் பையும் தருகிறேன்." தோசையைப் பாதியில் விட்டுவிட்டுக் காடியை எடுத்தேன். 250 வெள்ளி குறைத்தேன் மக்களே, 250! எங்கள் தாமானில் இதைக் கேட்காதவர் யாரும் இல்லை. அம்மா மட்டும், "மிச்சம் 1,550 செலவாகியிருக்கிறதே" என்றார். அதைக் கண்டுகொள்ளத் தேவையில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "லேப்டாப் இல்லாமல் பாட்டுப் பண்ண எதை வாங்கலாம்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். எல்லோரும் முதலில் எத்தனை டிராக், எத்தனை எஃபெக்ட் என்று பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். கருவிக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, வெளிச் சத்தம் எந்த வழியாக உள்ளே போகிறது, இந்த இரண்டும்தான் முதலில். ஏனென்றால் நான் பதிவு செய்யப் போகிற இடம் உங்களுக்குத் தெரியும். தோட்டத்துக் கோயிலுக்குப் பின்னால் உருமி மேளக் குழு பயிற்சி செய்கிற கொட்டகை. சுற்றிலும் செம்பனை. கொட்டகையில் ஒரே ஒரு பல்பு, பிளக் போட இடமே கிடையாது. அங்கே லேப்டாப், மைக்கை அதோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ், அடாப்டர் எல்லாம் தூக்கிக்கொண்டு போய்ப் பரப்புவதற்குள் குழு அடித்து முடித்துத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடும்.

இந்தப் பெட்டி ஆறு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். இங்கேதான் எனக்கு எரிச்சல். தம்பியைக் கடைத்தெருவுக்கு அனுப்பி பேட்டரி வாங்கிவரச் சொன்னேன். மேலே "ஹெவி டியூட்டி" என்று பெரிதாக எழுதிய பாக்கெட்டைக் கொண்டுவந்தான். எந்த பிராண்டு என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெயரைப் பார்த்தால் லோரியையே இழுக்கும் என்றுதானே நினைப்போம்? உண்மையில் அது கார்பன் ஜிங்க் பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் சரி. இந்த மாதிரிக் கருவி ஒரே நேரத்தில் நிறையக் கரண்ட் இழுக்கும். இழுத்ததும் அந்த பேட்டரியின் வோல்டேஜ் படுத்துவிடும். போட்டேன், விளக்கு எரிந்தது, ஒரு தட்டுத் தட்டினேன், செத்துவிட்டது. ஹெவி டியூட்டியாம்! யார் வைத்த பெயர் அது?

அல்கலைன் போட்டால் ஓடும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆறு வாங்கினால் கட்டுப்படியாகாது. சார்ஜ் பண்ணுகிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைதான் சரி. எனலூப் மாதிரியானது, ஒன்றின் கொள்ளளவு சுமார் 2,000 மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh). அதில் அல்கலைனைவிடக் குறைவாக 1.2 வோல்ட்தான் என்று பயப்படாதீர்கள். அதிகக் கரண்ட் இழுத்தாலும் அது கடைசிவரை நிதானமாகக் கொடுக்கும், அதனால் இந்தப் பெட்டியில் அல்கலைனைவிட அதிக நேரம் ஓடுகிறது. பவர் பேங்கிலும் ஓட்டலாம், யூஎஸ்பி-சி இருக்கிறது. 5 வோல்ட், 1.5 ஆம்பியர் கொடுக்கிற பவர் பேங்காக இருக்க வேண்டும். ஆனால் மடியில் வைத்து அடிக்கும்போது ஒயர் தொங்கினால் எனக்குப் பிடிக்காது. அவ்வளவுதான் காரணம், வேறு அறிவியல் இல்லை.

சரி, மற்றதை ஏன் வாங்கவில்லை? அகாய் நிறுவனத்தின் எம்பிசி சாம்பிளரை வாங்கு என்று ஆளாளுக்குச் சொன்னீர்கள். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. 1988-இல் ரோஜர் லின் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்பிசி 60-இல் வந்த நாலுக்கு நாலு பேட் அமைப்பைத்தான் இன்றைக்கும் எல்லோரும் தட்டிக்கொண்டிருக்கிறோம். எம்பிசி லைவ் டூவில் உள்ளேயே பேட்டரி, உள்ளேயே ஸ்பீக்கர். ஆனால் நடுவில் 7 அங்குலத் தொடுதிரை. தொடுதிரை எனக்கு ஆகாது என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! அதில் மெனுவுக்குள் மெனு. லேப்டாப்பை விட்டு ஓடிவந்து, இன்னொரு லேப்டாப்பைக் கட்டிக்கொள்வதா? விலையும் என் கைக்கு எட்டாது. எம்பிசி ஒன் விலை குறைவு, சிறியது, ஆனால் அதில் பேட்டரியே கிடையாது. சிறியதாக இருந்தால் எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

நோவேஷன் சர்க்யூட் டிராக்ஸ் ஜாலியான சாமான். உள்ளே சார்ஜ் பேட்டரி, சுமார் நாலு மணி நேரம் ஓடும். ஆனால் அதில் நீங்களே சத்தத்தைப் பதிவு செய்து சாம்பிள் ஆக்க முடியாது. அதற்குச் சர்க்யூட் ரிதம் என்று வேறொன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, இரண்டும் 2021-இல் வந்தவை. பழையது வாங்குகிறவர்கள் பெயரை இரண்டு தடவை படியுங்கள்.

டீனேஜ் எஞ்சினியரிங் ஈபி-133, அதாவது கேஓ டூ, இது மட்டும் மனசைக் கொஞ்சம் ஆட்டியது. 2023 கடைசியில் 299 அமெரிக்க டாலருக்கு வந்தது. பார்க்கக் கால்குலேட்டர் மாதிரி அழகு. நாலு டிரிபிள் ஏ போதும், மைக்கும் ஸ்பீக்கரும் உள்ளேயே. ஆனால் வந்தபோது நினைவகம் 64 எம்பிதான். குறுகிய டிரம் சத்தங்களுக்குத் தாராளம். நான் உருமியை நிமிடக் கணக்கில் ஓடவிட்டு அப்புறம் வெட்டுகிற ஆள், எனக்குப் பத்தாது. எஸ்பியில் 16 ஜிபி இருக்கிறது.

அப்புறம், கையில் காசு இல்லாதவர்கள் இதையெல்லாம் பார்த்து ஏங்க வேண்டாம். கைப்பேசியில் கோவாலா சாம்பிளர் என்று ஒரு செயலி, விலையும் ஒன்றும் பெரிதில்லை. நிஜமாகவே நல்ல செயலி. என் பழைய பீட்டுகளில் பாதி அதில் செய்ததுதான். வாட்ஸ்அப் நடுவில் வந்து தொந்தரவு செய்யும், அது ஒன்றுதான்.

எஸ்பியை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு உண்மையான காரணம் இனிமேல்தான். ஸ்கிப்-பேக். நீங்கள் ரெக்கார்ட் பட்டனை அழுத்தவே வேண்டாம். கருவி கேட்டுக்கொண்டே இருக்கும். நல்லதாக ஏதாவது விழுந்தால் அப்புறம் பட்டனைத் தட்டினால் போதும், கடந்துபோன 25 வினாடியையும் பிடித்துக் கொடுத்துவிடும். உருமி பதிவு செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கள் குழுவில் உருமி அடிக்கிற அண்ணனிடம், "அண்ணே, அதையே திரும்ப அடியுங்கள்" என்றால் வேறொன்றை அடிப்பார், அதைவிடப் பிரமாதமாக இருக்கும், நான் ரெக்கார்ட் போட்டிருக்க மாட்டேன். ரெக்கார்ட் போட்டுவிட்டு "அடியுங்கள்" என்றால் உடம்பு விறைத்துவிடும். இந்தத் தடவை மைக்கை நீட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்கும்போது வருமே அந்த உறுமல், அது மேலேறி இறங்குகிற இடம் அப்படியே விழுந்தது. தட்டினேன். அவருக்குத் தெரியவே தெரியாது. போட்டுக் காட்டியதும், "இது யார் அடித்தது?" என்று கேட்டார்!

ஓ, மைக் பற்றிச் சொல்லாமலே போகிறேன். 2005-இல் வந்த முதல் எஸ்பி-404-இல் உள்ளேயே மைக் இருந்தது, இதில் இல்லை. ஸ்பீக்கரும் இல்லை. சாதாரண டைனமிக் மைக்கும் 6.3 மில்லிமீட்டர் ஜாக் வைத்த ஒயரும் வேண்டும். கண்டென்சர் மைக்குக்குத் தேவையான ஃபாண்டம் பவரை, அதாவது ஒயர் வழியாக மைக்குக்குப் போகிற கரண்டை, இது கொடுக்காது. கேட்பதற்கு ஹெட்ஃபோன். குழுவுக்குப் போட்டுக் காட்ட நான் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துப் போகிறேன், அதற்கும் சார்ஜ் போட வேண்டும், அதை விடுங்கள்.

அடுத்த காணொளியில் அந்த உறுமலைப் பேடுகளில் பிரித்துப் போட்டு, தப்பு மேளத்தின் அடியோடு சேர்க்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஓர் உதவி வேண்டும். கடைகளில் நான் பார்க்கிற சார்ஜர் எல்லாம் நாலு பேட்டரிக்குத்தான். பெட்டியோ ஆறு கேட்கிறது. நாலைப் போட்டு எடுத்துவிட்டு, மிச்ச இரண்டுக்குத் திரும்பக் காத்திருக்கிறேன், யார் இப்படிக் கணக்குப் போட்டார்களோ. ஈப்போவிலோ கோலகங்சாரிலோ எட்டு பேட்டரி போடுகிற சார்ஜர் எங்கே கிடைக்கிறது என்று தெரிந்தால், கடையையும் விலையையும் கமெண்டில் போடுங்கள்.