ஓசூர் ரோஜா ஊரைச் சுற்றும் கதை

(பெங்களூரு அல்சூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, பஜ்ஜி எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, வணக்கம்.

விமான நிலைய வளர்ச்சியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என்ஜினீயர் இல்லை. சரக்கு கிளியரிங் வேலையில் 27 வருஷம். பழைய எச்.ஏ.எல். ஏர்போர்ட்டில் பாதி, தேவனஹள்ளிப் புது ஏர்போர்ட்டில் மீதி. பயணியாக உள்ளே போனது நாலைந்து தடவை இருந்தால் அதிகம். அதனால் கார்கோ ஷெட்டில் நின்று பார்த்ததைத்தான் சொல்வேன்.

எச்.ஏ.எல். ஏர்போர்ட் காலம் அல்சூர்க்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாமியாரை ஊருக்கு ஏற்றிவிட ஆட்டோவில் ஏறினால் போதும், சண்டை முடிவதற்குள் ஏர்போர்ட் வந்துவிடும். 2008 மே 24-ல் பயணிகள் விமானமெல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. திப்பு பிறந்த ஊர். பம்பளிமாசுக்கும் திராட்சைக்கும் பேர்போன மண். அங்கே சுமார் 4,000 ஏக்கர். “இவ்வளவு தூரம் எவன் போவான்?” என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

போனார்கள். 2013-லேயே இடம் போதாமல் முனையத்தைப் பெரிதாக்கினார்கள். 2019 டிசம்பரில் இரண்டாவது ஓடுதளம். 2022 நவம்பரில் திறந்த இரண்டாவது முனையத்தில் கூரையெல்லாம் மூங்கில், தலைக்கு மேலே செடி. பழைய ஏர்போர்ட் மூடும்போது வருஷத்துக்குச் சுமார் 1 கோடிப் பேர் வந்துபோனார்கள். 2024-25-ல் 4 கோடியே 18 லட்சம்.

கணக்கு போதும், பூவுக்கு வருகிறேன்.

ஓசூரைச் சுற்றி பாகலூர், பேரிகை, தளி. குளிர்ந்த மேட்டு நிலம், பசுமைக்குடிலுக்குள் ரோஜா. ஜனவரி கடைசியில் அங்கே போனால் ஆளுக்கு ஒரு கத்தரிக்கோலோடு பொழுது விடியும் முன்னே நிற்பார்கள். மொட்டு விரியத் தொடங்கும் முன் வெட்ட வேண்டும். வெட்டியதும் காம்பு தண்ணீர் வாளிக்குள், வாளி குளிர் அறைக்குள். காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, மொட்டுப் பக்கம் நெளி அட்டையைச் சுற்றி, பெட்டியில் தலைமாடு கால்மாடாக அடுக்குவார்கள். பிப்ரவரி 14-க்குள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அது யாரோ ஒரு பையன் கைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 15-ஆம் தேதி அதே பூவை அவன் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

இந்தப் பூவில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தில்தான் போகிறது. நீங்கள் கால் நீட்டத் தவிக்கிறீர்களே, அந்தத் தளத்துக்குக் கீழே. ஆகவே வெளிநாட்டுக்கு ஒரு நேரடி விமானம் கூடினால் பூவுக்கும் இடம் கூடியது என்று அர்த்தம். தேவனஹள்ளி வளர்ந்ததில் பாகலூர் விவசாயிக்குக் கிடைத்த லாபம் அது.

நஷ்டம் ரோட்டில். ஓசூர் இருப்பது ஊருக்குத் தெற்கே, ஏர்போர்ட் வடக்கே. நடுவில் மொத்தப் பெங்களூரும் படுத்திருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் ஒரு தூக்கம், ஹெப்பாள் நெரிசலில் ஒரு தூக்கம். இல்லாவிட்டால் சர்ஜாபுரம், ஹொசக்கோட்டை என்று சுற்ற வேண்டும். ஒரு பிப்ரவரியில் எனக்கு வந்த லாரியில் வழியிலேயே குளிர்பெட்டி நின்றுபோனது. டிரைவர் தம்பி பாட்டு கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான், அவனுக்குத் தெரியாது. ஷெட்டில் பெட்டியைப் பிரித்தால் மொட்டெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு சிரிக்கிறது. கோயிலுக்குக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தத் தெருப் பிள்ளையாருக்கு ஏற்றுமதித் தரத்தில் அலங்காரம்.

அதனால்தான் 2024 ஜூன் 27-ல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பேர் வந்துபோகும் விமான நிலையம் என்று முதலமைச்சர் அறிவித்தபோது கை தட்டினேன். உடனே இங்கே சிலர் இதைக் கர்நாடகமா தமிழ்நாடா என்று ஆக்கிவிட்டார்கள். காவிரி ஒன்று போதாதா? எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் கன்னடப் பையனுக்கும் ஓசூர்தானே பக்கம்! ஒரு முடிச்சு இருக்கிறது. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி, மைசூரும் ஹாசனும் தவிர, 150 கிலோமீட்டருக்குள் 25 வருஷத்துக்கு வேறு புது ஏர்போர்ட் வரக்கூடாது. அந்தக் கெடு 2033-ல் முடிகிறது. கர்நாடகமும் சும்மா இல்லை. கனகபுரா சாலையிலும் நெலமங்கலா பக்கமும் இடம் பார்த்திருக்கிறார்கள்.

போன மாதம் பாகலூர் போயிருந்தேன். பழைய வாடிக்கையாளர், ஏர்போர்ட் பக்கத்தில் வரவேண்டும் என்று என்னைவிட அதிகம் பேசியவர். குடிலின் மேலே பிளாஸ்டிக் ஷீட் கிழிந்து காற்றில் படபடக்கிறது. “ஏன் இன்னும் மாத்தல?” என்றேன்.

“அந்த 2,000 ஏக்கர் எங்கேர்ந்து எங்க வரைக்கும்னு தெரியலயேண்ணா. ஷீட் மாத்தட்டுமா, வேணாமா? நீங்க ஏர்போர்ட்லயே இருந்தவரு, சொல்லுங்க” என்றார்.

காபியைக் குடித்துவிட்டு, டம்ளரை நானே கழுவி வைத்துவிட்டு வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பஜ்ஜியும் வந்துவிட்டது. வணக்கம்.