கதவைச் சாத்திவிட்டுப் போன திருடன்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மற்ற மரியாதைகளை எனக்கு முன் பேசியவர்கள் செய்துவிட்டார்கள். நேரே பாட்டியிடம் போகிறேன்.

பாட்டியை நமக்குக் காத்துத் தருவது படமும் பதிவுமா, வீட்டில் சொல்லும் கதையா என்பது கேள்வி. நான் கதை அணி. அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு படம், அடையாள அட்டைக்கு எடுத்தது. பார்க்கிறவர்கள், "என்ன வழக்கில் பிடித்தார்கள்?" என்று கேட்பார்கள். சிரிக்காதீர்கள், உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள்!

கதையில் இருக்கிற பாட்டி வேறு. ஒரு நள்ளிரவு. அம்மா அவள் வயிற்றில் ஏழு மாதம். பின்கதவு மெல்லத் திறக்கிறது. வந்தவன் திருடன். இருட்டில், ஊர் சுற்றிவிட்டு வரும் தன் தம்பி என்று நினைத்துவிட்டாள். படுத்தபடியே, "ஏனடா, இவ்வளவு நேரமா? கை கால் கழுவிவிட்டு வா. மூடி வைத்திருக்கிறேன், எடுத்துச் சாப்பிடு" என்றாள். திருடன் கொஞ்சம் யோசித்தானாம். பிறகு போய்க் கை கால் கழுவினானாம்!

இது பெரியம்மா சொல்வது. அப்போது அவருக்கு ஐந்து வயது, விழித்துக்கொண்டு பார்த்தவர். சித்தி சொன்னால் கரண்டிச் சத்தம் இரண்டாம் முறையும் கேட்கும். மாமா அந்த இரவில் பிறக்கவே இல்லை, ஆனால் விவரம் அதிகம் அவரிடம்தான். அவர் கதையில் பாட்டி, "மெலிந்துவிட்டாயே" என்று திருடனுக்காகக் கவலைப்படுகிறாள். முடிவு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. அவன் கிளம்பும்போது பாட்டி, "கதவைச் சாத்திவிட்டுப் போ" என்கிறாள். சாத்திவிட்டுப் போகிறான். திறக்க வந்தவன், நடுவர் அவர்களே, சாத்திவிட்டுப் போகிறான்!

எதிரணித் தலைவர் கிண்டலடித்தார்: "கதை அணிக்காரர்கள் பிறப்பதற்கு முன் நடந்ததற்கெல்லாம் சாட்சி சொல்வார்கள்." ஐயா, நானும் அங்கே இருந்தேன். பெண் சிசுவுக்குத் தாய் வயிற்றிலேயே கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாத வாக்கில் அறுபது, எழுபது லட்சம். அன்று அம்மாவுக்குள் இருந்தவற்றில் ஒன்றுதான் பிற்பாடு நான். ஆகவே நான் பாதிச் சாட்சி. மீதிப் பாதி அப்பா பக்கம். அவர்கள் வழக்கம்போல் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அதோடு விட்டாரா? 1932-ல் வெளியான, உளவியலாளர் பார்ட்லெட்டின் நினைவாற்றல் ஆய்வைத் தூக்கிக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்கள், திரும்பச் சொல்லச் சொல்ல அதைச் சுருக்கினார்கள், மாற்றினார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எப்படி மாற்றினார்கள்? தங்களுக்குப் பழக்கமில்லாததைத் தெரிந்ததாக ஆக்கிக்கொண்டார்கள். எங்கள் மாமா செய்ததும் அதுதானே? "மெலிந்துவிட்டாயே" என்று பாட்டி அவரிடம் சொல்லாத நாள் இல்லை. தனக்குத் தெரிந்த அந்தத் தாயைக் கொண்டுபோய், தான் பார்க்காத இரவில் படுக்கவைத்தார். இதைப் பொய் என்றால், அந்தப் பொய்யில் இருக்கிற பாட்டி அடையாள அட்டையில் இல்லையே!

மணி அடித்துவிட்டீர்கள், கேட்டது. ஒரு நிமிடம் கொடுங்கள்.

கடைசி வருடம் பாட்டிக்கு எங்களில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஓர் இரவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். எல்லோரும் தூங்கியிருந்தார்கள். அவள் குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று, எதிரணிக்காரனைப் போல, செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டு கட்டிலருகே நின்றேன். கண்ணைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனடா, இவ்வளவு நேரமா? கை கால் கழுவிவிட்டு வா. மூடி வைத்திருக்கிறேன், எடுத்துச் சாப்பிடு."

தம்பி என்று நினைத்தாளோ, அந்தத் திருடன் என்றுதான் நினைத்தாளோ. அவள் சமைத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. செல்போனைப் பையில் போட்டுக்கொண்டேன். போய்க் கை கால் கழுவினேன்.